கனவில் ஓர் அரசு: சாப்ளினின் கற்காலப் படமும் மட்டக்களப்புக் கட்டியகாரனும்

1914ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே அமெரிக்காவின் கீஸ்டோன் நிறுவனம் இரண்டு றீல்கள் கொண்ட நகைச்சுவைக் குறும்படமொன்றை வெளியிட்டது. 'ஹிஸ் பிரீஹிஸ்டோரிக் பாஸ்ட்' என்பது அதன் பெயர். 'வரலாற்றுக்கு முந்திய அவனது காலம்' எனத் தமிழிற் கூறலாம். எழுதி இயக்கி நடித்தவர் சார்லி சாப்ளின். அவ்வாண்டு முழுவதும் வாரமொன்றுக்கு 150 டொலர் சம்பளத்துக்குப் படத்தின்மேற் படமாக நடித்துக் கொடுத்த அவர், அந்நிறுவனத்துக்கு இறுதியாக அளித்த படம் இது. சாப்ளின் பற்றிய ஆய்வுகளிலே இதற்குப் பெரிய இடம் கிடைத்ததில்லை. 'மொடேர்ண் டைம்ஸ்' (1936), 'த கிரேட் டிக்டேற்றர்' (1940) ஆகியவற்றின் ஆசிரியரை ஆராய்பவர்கள், தோலாடை உடுத்த மனிதர்கள் ஒருவரையொருவர் உதைத்து விழுத்தும் இச்சிறு கூத்தினை ஓரிரு வரிகளிலே கடந்துவிடுவர். அது இயல்பே. எனினும், இதனை இரண்டாம் முறை பார்க்க நேர்ந்தபோது எழுந்த சில வினாக்கள், மட்டக்களப்புக் கூத்து மரபு பற்றி நாம் எழுதிவந்துள்ள வரலாற்றையே தொடுவனவாக இருந்தமையால் அவற்றை இங்கு முன்வைக்க விரும்புகின்றேன்.

முதன்முறை நான் இப்படத்தைப் பார்த்தது 1990களின் பிற்பகுதியில். மின்சாரம் இல்லாத படுவான்கரையிலே, கலியாண வீடுகளிலும் திருவிழாக் காலங்களிலும் மின்பிறப்பாக்கியொன்றை இயக்கி, வாடகைக்கு எடுத்துவந்த தொலைக்காட்சிப் பெட்டியையும் 'டெக்'கையும் வைத்து விடியவிடியப் படம் போடுவார்கள். இரண்டு தமிழ்ப் படங்களுக்கு இடையே, பிள்ளைகள் உறங்கிவிடாதிருக்கப் போடப்பட்ட நாடாவொன்றிலே சாப்ளினின் துண்டுகள் பல இருந்தன. அவற்றுள் இதுவும் ஒன்று. விலங்குத் தோல் உடுத்த ஒரு சிறு மனிதன், தலையிலே நகரத்துக் கனவான்களின் வட்டத் தொப்பியோடு கற்காலத்துக்குள் நடந்துவந்ததைக் கண்டு நாங்கள் உருண்டு சிரித்தோம். ஏன் சிரித்தோம் என்று எவரும் கேட்கவில்லை.

அண்மையில் வாவிக்கரைக் கிராமமொன்றின் வாசிகசாலையிலே மாணவர் சிலருக்கு இதனைத் திரையிட்டோம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக மத்தளம் அடித்தும் ஆட்டம் பழக்கியும் கூத்தோடு வாழ்ந்த முதிய அண்ணாவியார் ஒருவரும் வந்து அமர்ந்திருந்தார். படம் தொடங்கிச் சில நிமிடங்களிலே அவர் என் பக்கம் சாய்ந்து, "இது நம்மட கட்டியகாரன்தானே மனே! தொப்பிதான் வேற" என்றார். இக்கட்டுரை அக்கூற்றினைச் சரிபார்க்கும் முயற்சியே எனலாம்.

படத்தின் கதை மிக எளியது. வேலையும் வீடும் இல்லாத நாடோடி ஒருவன் பூங்காவின் இருக்கையிலே உறங்கிவிடுகின்றான். கனவிலே அவன் கற்கால மனிதனாகி ஓர் அரசனது எல்லைக்குள் வருகின்றான். புகைக்குழாயில் இடுவதற்குப் புகையிலை இல்லை. உடுத்திருக்கும் தோலிலிருந்தே மயிரைப் பிடுங்கிக் குழாயில் அடைத்து, கல்லை உரசித் தீமூட்டிப் புகைக்கின்றான். அரசனுக்கோ பல மனைவியர். அவருள் அரசன் மிக விரும்பும் ஒருத்திமேல் நாடோடியின் கண் செல்கின்றது. அரசனோடு நட்புப் பூண்டு, குடித்து, வேட்டைக்குப் போய், ஈற்றில் அவனைப் பாறை உச்சியிலிருந்து தள்ளிவிட்டுத் தானே அரசன் என்று அறிவிக்கின்றான். ஆனால் அரசன் சாகவில்லை. மீண்டு வந்து நாடோடியின் தலையிலே கல்லொன்றைப் போட்டு உடைக்கின்றான். அந்த அடியிலே கனவு கலைகின்றது. விழித்துப் பார்த்தால், பூங்கா இருக்கையிலே உறங்கியவனைத் தடியால் அடித்து எழுப்பிக்கொண்டு நிற்கின்றான் ஒரு பொலிஸ்காரன்.

இளவயதிலே எனக்குக் கனவு மட்டுமே நினைவிலிருந்தது. பொலிஸ்காரனை முற்றாக மறந்திருந்தேன். மீளப் பார்க்கும்போது, படம் முழுவதுமே அந்தத் தடியிலிருந்து பின்னோக்கிக் கட்டப்பட்டிருப்பதாகத் தோன்றுகின்றது.

இவ்விடத்தில் இன்னொரு படத்தையும் நினைவுகூர வேண்டும். சாப்ளின் கேலி செய்தது வெறுங் கற்காலத்தையன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1912இல், டி. டபிள்யூ. கிரிபித் 'மான்ஸ் ஜெனெசிஸ்' என்னும் படத்தை எடுத்திருந்தார். அதிலே வலிமை குன்றிய ஒருவனும் முரட்டுப் பலம் கொண்ட ஒருவனும் பெண்ணொருத்திக்காக மோதுகின்றனர். வலிமை குன்றியவன் கோலொன்றின் நுனியிலே கல்லைப் பொருத்தி முதலாவது ஆயுதத்தை ஆக்கி வெற்றி பெறுகின்றான். மெலிந்த கையன் என்று பொருள்படும் பெயரைக் கிரிபித் தமது நாயகனுக்கு இட்டார். மெலிந்த மோவாயன் என்று பொருள்படும் பெயரைச் சாப்ளின் தமது பாத்திரத்துக்கு இட்டார். அக்காலப் பார்வையாளர்க்கு இக்குறிப்பு எளிதிற் புரிந்திருக்கும். கிரிபித்துக்கு மனித வரலாறு தடியின் கண்டுபிடிப்போடு தொடங்குகின்றது. அது அறிவின் வெற்றி, முன்னேற்றத்தின் முதற்படி. சாப்ளின் அந்தத் தடியை வாங்கி, அது இருபதாம் நூற்றாண்டிலே யாருடைய கையில் இருக்கின்றது என்று காட்டிவிடுகின்றார். அவ்வாண்டு ஏப்ரலிலே கொலராடோ மாநிலத்து லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் கூடாரக் குடியிருப்பு ஆயுதப் படையினராற் சுட்டெரிக்கப்பட்டது. சாப்ளின் அதனை மனத்திற் கொண்டார் என்று நான் கூறவில்லை. தடி பற்றிய அறிவு அன்றைய மலிவுக் கட்டணத் திரையரங்குகளை நிறைத்திருந்த உழைக்கும் மக்களுக்குப் புதிதன்று என்பதே என் கருத்து.

ஆயினும் இப்படத்தின் எல்லையையும் நாம் காணவேண்டும். மோர்கன் 1877இல் வெளியிட்ட 'புராதன சமுதாயம்' என்ற நூலை அடியொற்றி ஏங்கெல்ஸ் 1884இல் குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றி எழுதினார். அரசனும் பிரபுவும் பொலிசும் சிறைச்சாலையும் இன்றி மனிதர் வாழ்ந்த நெடுங்காலம் ஒன்றுண்டு என்பதே அந்நூல் வற்புறுத்திய செய்தி. மோர்கனின் தரவுகள் பல பின்னர் திருத்தப்பட்டுள்ளன. ஆனால் அரசு என்றென்றும் இருந்த ஒன்றன்று என்ற அடிப்படை ஆட்டம் காணவில்லை. சாப்ளினின் கற்காலத்திலோ அரசனும் அந்தப்புரமும் முதலிலிருந்தே இருக்கின்றன. அரசனைத் தள்ளிவிட முடிகின்றது, அரசனில்லாத நிலத்தை மட்டும் கற்பனை செய்ய முடியவில்லை. பெண்களின் நிலையும் அப்படியே. அரசன் விழுந்தாலும் அவர்கள் கைமாறும் சொத்தாகவே எஞ்சுகின்றனர். இதே காலத்திலேதான், 1911இல், செலிக்மன் தம்பதியர் இலங்கை வேடரைப் பற்றிய தமது பெருநூலை வெளியிட்டனர். மட்டக்களப்புக்கு வடக்கேயுள்ள கரையோர வேடரும் அதிற் பேசப்படுகின்றனர். அந்நூலைப் படித்த எவரும் வேடரிடையே முடியரசனையோ அந்தப்புரத்தையோ கண்டிருக்க முடியாது. திரையிலே கற்காலம் எனக் காட்டப்பட்டது தொல்குடிகளின் வாழ்வன்று. தோல் போர்த்திய அமெரிக்காவே அங்கு காட்டப்பட்டது.

இதனைக் குறையாக மட்டும் கொள்வது தவறு. ஏனெனில் படமே அந்த உண்மையை மறைக்கவில்லை. வட்டத் தொப்பி ஒரு கணமும் தலையை விட்டு இறங்குவதில்லை. புரட்சி செய்ய வந்தவர்கள்கூட இறந்தோரின் உடைகளையும் மொழியையும் இரவல் வாங்கிப் புதிய காட்சியை ஆடுகின்றனர் என்று 1852இல் லூயி போனபாட்டின் ஆட்சிக் கவிழ்ப்புப் பற்றி எழுதுகையில் மார்க்ஸ் குறிப்பிட்டார். பழமை வேடம் பெரும்பாலும் நிகழ்காலத்தை மறைக்கவே பயன்படுகின்றது. நகைச்சுவை ஒன்றுதான், வேடத்துக்கு அடியிலே இன்றைய காலணி தெரியும்படி நடந்து காட்டுகின்றது. காலமுரண் காவியத்திலே வழு. நகைக்கூத்திலோ அதுவே முறை.

கட்டியகாரனை அண்ணாவியார் கண்டுகொண்ட இடமும் இதுவே.

மட்டக்களப்புக் கூத்தின் கதைக்களம் பெரும்பாலும் பழங்காலம். வடமோடியிலே பாரத இராமாயணப் போர்கள் ஆடப்படும். தென்மோடியிலே அரசகுமாரர், அரசகுமாரிகளின் காதலும் பிரிவும் வரும். வட்டக் களரியிலே, கண்ணாடி பதித்த மரவணிகளும் கரப்புடுப்பும் முடியும் தரித்து, மத்தளமும் சல்லரியும் முழங்க அரசர் வருவர். அவர்களுக்கு முன்னர் வருபவன் கட்டியகாரன். வீதியைக் கூட்டுங்கள், தோரணம் கட்டுங்கள், அரசர் கொலுவுக்கு வருகின்றார் என்று கூறுவது அவன் தொழில். அரசரின் பாட்டும் தருவும் அண்ணாவியாரின் ஏட்டிலே உள்ளவை, ஒரு சொல்லும் பிசகக்கூடாது. கட்டியகாரனின் பேச்சோ அந்த இரவுக்குரியது. அத்தினாபுரத்து வாயிலிலே நின்றுகொண்டு அவன் படுவான்கரைத் தமிழ் பேசுவான். துரியோதனனின் பட்டத்து யானையைப் பற்றிக் கூறவந்து ஊரிலே பழுதுபட்டுக் கிடக்கும் உழவு இயந்திரத்தைப் பற்றிக் கூறுவான். சாப்ளினின் தொப்பி கட்டியகாரனின் நாவிலே இருக்கின்றது.

மகிடிக் கூத்தினையும் இங்குச் சேர்த்தெண்ணலாம். மந்திரவாதிகளின் போட்டியாக அமையும் அவ்வாட்டத்திலே மந்திரம் பட்டவர் விழுவதும் எழுவதும் மீண்டும் விழுவதுமாகச் சிரிப்பின் பெரும்பகுதி உடலாலேயே ஆக்கப்படுகின்றது. உதையும் விழுகையும் கீஸ்டோன் நிறுவனத்தின் கண்டுபிடிப்பன்று. உழைக்கும் உடல்கள் எங்கெல்லாம் ஓய்வுபொழுதிலே கூடினவோ அங்கெல்லாம் அவை இருந்துள்ளன. இது தனியே ஆராயவேண்டியதொன்று.

ஒற்றுமையைவிட வேற்றுமையே நம் கவனத்துக்குரியது. நாடோடி கனவிலேனும் அரசனாகின்றான். கட்டியகாரன் ஒருபோதும் ஆவதில்லை. அரசனைப் பற்றி எதனையும் கூற அவனுக்கு உரிமை உண்டு, அரியணையிலே அமர மட்டும் இல்லை. நிலமானிய உறவுகள் நிலவிய சமூகமொன்றிலே இவ்வுரிமை தரப்பட்டதன் காரணம் ஊகிக்கக்கூடியதே. கூத்து நடைபெறும் ஊரின் வயல்கள் போடியாருக்குரியவை. முல்லைக்காரனும் வயற்காரரும் அவரை அண்டி வாழ்பவர். களரிக்கு முன்னால் பாய் விரித்து முதலில் அமர்பவரும் போடியாரே. வருடத்தில் ஓர் இரவு, முகத்திலே பூச்சுப் பூசிய ஒருவன், பாரத காலத்து அரசனின் பெயரால், நெல் அளக்கும் மரைக்காலின் அடி ஏன் உள்ளே குழிந்திருக்கின்றது என்று கேட்டுவிட்டுப் போவதால் அவருக்கு நட்டமில்லை. அவரும் சிரிப்பார், மடியிலிருந்து பணத்தை எடுத்து அன்பளிப்பும் செய்வார். எள்ளல் இவ்வாறு வாங்கப்பட்டுவிடுகின்றது. நகையை மக்களின் கலகம் என்று அவசரமாக முடிசூட்டும் ஆய்வாளர்கள் இந்தச் சில்லறைக் காசையும் கணக்கிலெடுக்க வேண்டும்.

ஆனால் கணக்கு அங்கேயே முடிந்துவிடுவதுமில்லை. 2002ஆம் ஆண்டு போர்நிறுத்தம் வந்து சில மாதங்களின் பின்னர், எங்கள் பகுதியிலே நீண்ட இடைவெளிக்குப் பிறகு பாரதப் போர்க் கூத்தொன்று விடியவிடிய ஆடப்பட்டது. அப்போது நான் பதின்வயதினன். பாண்டவரின் தூதன் அத்தினாபுர வாயிலுக்கு வருகின்றான். கட்டியகாரன் அவனை மறித்து, எங்கிருந்து வருகிறாய், யாரைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்டு, ஈற்றில் அடையாள அட்டையைக் காட்டு என்றான். கூட்டம் சிரித்து அடங்க வெகுநேரம் சென்றது. வாவியைக் கடந்து எழுவான்கரைக்குப் போய்வரும் ஒவ்வொருவரும் பல ஆண்டுகளாகக் கேட்ட வினா அது. தூதன் மடியைத் தடவி எதையோ நீட்டினான். கட்டியகாரன் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அந்தக் கரைக்கு. இந்தக் கரைக்குள்ள வாறதுக்கு என்ன வச்சிருக்காய்?" என்று கேட்டான். இம்முறை சிரிப்பு எழுந்த வேகத்திலேயே நின்றது. அண்ணாவியார் மத்தளத்திலே கையை வைத்தார். தாளம் எழுந்தது, துரியோதனன் கொலுவுக்கு வந்தான்.

அந்த ஒரு கணம் எந்த ஏட்டிலும் இல்லை. அடுத்த ஊரிலே அதே கூத்து ஆடப்பட்டபோது அது கூறப்பட்டதா என்பதற்குச் சான்றுமில்லை. 1914இலே ஒரு நாடோடி புகைக்குழாயில் தோல்மயிர் அடைத்ததை இன்று எத்தனை முறையும் நாம் மீளப் பார்க்கலாம். அது விற்பனைக்காகச் சுருளிலே பதிக்கப்பட்ட பண்டம். வாடகைக்குப் போய், பிரதியாகிப் பிரதியாகிப் படுவான்கரை வரை வந்து சேர்ந்தது. கட்டியகாரனின் நகை பண்டமாகவில்லை. அது எதிரிலே அமர்ந்திருந்த ஒருவரை, அவ்விரவிலே, பெயர் கூறாமற் சுட்டியது. எழுதப்பட்டிருந்தால் கூறியவனுக்கு ஆபத்து. எழுதப்படாமையாலேயே அதனைக் கூற முடிந்தது. நமது மக்களின் அதிகார விமர்சனத்தைத் தேடும் வரலாற்றாசிரியன் எதிர்கொள்ளும் பெருஞ் சிக்கல் இதுவே. எந்தச் சான்று நமக்கு மிகவும் வேண்டுமோ, அது சான்றாக எஞ்சாதிருப்பதற்காகவே ஆக்கப்பட்டது.

நமது ஆய்வு மரபு இச்சிக்கலுக்கு முகங்கொடுத்ததா? 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மேற்கொண்ட பணியின் பெறுமதியை எவரும் குறைத்துப் பேச முடியாது. கிராமத்தார் விளையாட்டென ஒதுக்கப்பட்ட கலையைப் பல்கலைக்கழக அரங்குக்குக் கொணர்ந்தவர் அவர். 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' என அவர் மேடையேற்றியவற்றுள் நொண்டி நாடகம் நகைக்கு இடம்தந்த வகையைச் சார்ந்ததே. 1962இல் அவர் 'அலங்காரரூபன் நாடகம்' என்ற தென்மோடிக் கூத்தினைப் பதிப்பித்தமையாற் பாடல்கள் அழியாது நின்றன. மாணவராக அவரோடு ஆடிய சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை விரிவாக ஆராய்ந்ததோடு, கூத்து வடிவத்திலே சாதி வர்க்க ஒடுக்குமுறைக்கு எதிரான 'சங்காரம்' என்ற நாடகத்தையும் அளித்தார். 2000களின் தொடக்கம் முதல் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் சீலாமுனைக் கிராமத்தவரோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கத்தில் ஈடுபட்டனர். சாதி, பால்நிலை பற்றிய கேள்விகள் களரியிலே எழுந்ததற்கு அம்முயற்சி முக்கிய காரணம். இவை யாவும் உண்மை. எனினும் விடியவிடிய ஆடியதனை ஓரிரு மணித்தியாலத்துக்குச் சுருக்கும்போது எதனை முதலில் வெட்டுகிறோம் என்பதைக் கேட்டாக வேண்டும். கதைக்கு வேண்டாதது என்று தோன்றுவது எதுவோ அதுவே வெட்டப்படும். கட்டியகாரனின் பேச்சு எந்தக் கதைக்கும் வேண்டியதன்று. முற்போக்காளராகிய நாமும் கூத்திலே வீரத்தைத் தேடினோம், ஆட்டத்தைத் தேடினோம், தேசிய வடிவத்தைத் தேடினோம். நகையை அடுத்த காட்சிக்கு உடைமாற்றும் அவகாசமாகவே பெரும்பாலும் கண்டோம்.

தமிழ்க் கோட்பாட்டு மரபு இத்தவறுக்குப் பொறுப்பன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையையே முதலில் வைக்கின்றது. பேதைமை, மடமை, இளமை ஆகியவற்றோடு எள்ளலையும் அதன் நிலைக்களனாகக் கொள்கின்றது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யிலே ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்தார். அத்தகைய ஒப்பியல் நோக்கு நம் மண்ணிலேயே தோன்றியிருந்தும், காரைதீவுக்குச் சில கட்டை தொலைவிலே ஒவ்வோராண்டும் களரியில் நின்ற எள்ளற்காரனை அதனோடு இணைத்துப் பார்க்க நமக்கு நூறு ஆண்டுகள் போதவில்லை.

பழங்கால அரசனைக் கேலி செய்யும் தமிழ்ப் படங்களுக்கும் குறைவில்லை. 2006இல் வெளிவந்து வாவியின் இரு கரையிலும் வீட்டுக்கு வீடு ஓடிய 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யை எடுத்துக்கொள்வோம். வடிவேலுவின் உடல்மொழி வியக்கத்தக்கது. மூடத்தனமான அரசனை அது துகிலுரிகின்றது. ஆனால் அவனுக்கு மாற்றாக வருபவன் அவனது இரட்டைச் சகோதரனாகிய நல்லவன். நல்ல அரசன் வந்துவிட்டால் அரசு பற்றிய கேள்வி எழுவதில்லை. சாப்ளினின் இரண்டு றீல் இவ்வகையில் நேர்மையானது. அங்கு நல்ல அரசன் எவனுமில்லை. நாடோடியே அரியணை ஏறினாலும் முன்னவனைப் போலவே நடந்துகொள்கின்றான்.

கூத்து முடியும் விதமோ இவ்விரண்டிலும் வேறானது. விடியற்காலையிலே வாழி பாடி முடிந்ததும், இரவு முழுவதும் துரியோதனனாக ஆடியவர் முடியைக் கழற்றி வைத்துவிட்டு, வேர்வையிலே பூச்சுக் கரைந்த முகத்தோடு தேநீர் குடித்துக்கொண்டிருப்பதைச் சிறுவயதிலே பலமுறை பார்த்திருக்கின்றேன். அவர் வேறொருவரின் வயலிலே வேலை செய்பவர். வெயில் ஏறுமுன் தண்ணீர் கட்டப் போகவேண்டும். பூங்கா இருக்கையிலே விழித்தவனை அடித்து எழுப்ப ஒரு பொலிஸ்காரன் தேவைப்பட்டான். இவரை எழுப்ப எவரும் தேவைப்படவில்லை.

வாசிகசாலையில் படம் முடிந்தபின் அண்ணாவியாரிடம், அவர் அறிந்த கட்டியகாரர்கள் களரியிலே கூறியவற்றுள் நினைவிலிருப்பவற்றைச் சொல்லுமாறு கேட்டு ஒலிப்பதிவுக் கருவியை வைத்தேன். இளமையிலே அவரும் இரண்டு கூத்துகளிலே கட்டியகாரனாக ஆடியவராம். நீண்டநேரம் யோசித்துவிட்டு ஐந்து சொன்னார். மூன்றினைச் சொல்லும்போது கருவியை நிறுத்தச் சொன்னார். அவை சுட்டிய மனிதர்கள் இறந்து பல ஆண்டுகளாகின்றன என்றேன். "பிள்ளையள் இருக்காங்க மனே" என்றார்.